கடைமடை குரூப்பில் விவரம் கேட்கும் முன்: ஒப்புதல் பெறுவதற்கான முழுமையான வழிகாட்டி

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் டெல்டாவில் வாய்க்காலுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் தண்ணீர் வந்துவிடும். கல்லணை மதகு தூக்கும் வீடியோ, வெண்ணாற்றில் எவ்வளவு விட்டிருக்கிறார்கள், எந்தக் கொள்முதல் நிலையத்தில் சாக்கு தீர்ந்துபோனது, எல்லாம் குரூப்பில் ஓடும். அதோடு சேர்ந்து இன்னொரு செய்தியும் ஓடும்: "கீழ்க்கண்ட விவரங்களை உடனே அனுப்பவும்." பெயர், தகப்பனார் பெயர், செல் நம்பர், ஆதார், சிட்டா படம், பாஸ்புக்கின் முதல் பக்கம். யார் கேட்கிறார், எதற்கு, அது பிறகு எங்கே போகும் என்று ஒரு வரி இருக்காது. ஜனங்களும் அனுப்பிவிடுவார்கள்.

சமூக வலைத்தளம் வழியாகத் தகவல் திரட்டும் கல்லூரி மாணவர்கள், விவசாயக் குழு அட்மின்கள், நிவாரணத் தன்னார்வலர்கள், ஊர்ச் செய்தி போடும் யூடியூபர்கள் எல்லோருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். கடைசிவரை ஒரே உதாரணத்தை வைத்துப் போவோம்: கீழையூர், தலைஞாயிறு பக்கம் கடைமடை வயலுக்கு (பாசன வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயலுக்கு) இந்த ஆண்டு தண்ணீர் என்றைக்கு வந்து சேர்ந்தது என்று வாட்ஸ்அப் குரூப்கள் வழியாக ஒரு சர்வே.

சட்டத்தில் தெரிய வேண்டியது

2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்குள் வரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் பின் வந்தது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தகவல் திரட்டுகிறவர்கள் மேல் வரும் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027-இல் அமலுக்கு வரும் என்று விதியே சொல்கிறது.

ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்வதைத் தமிழில் வைத்தால்: வற்புறுத்தல் இல்லாமல், இன்ன காரியத்துக்கு என்று குறிப்பாக, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல், சந்தேகத்துக்கு இடமில்லாமல், தானே ஒரு செயலால் தெரிவித்ததாக இருக்க வேண்டும். "குரூப்பில் போட்டோம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை" என்பது இதில் எதிலும் சேராது. 'நிபந்தனை இல்லாமல்' என்பதில்தான் நம் பக்கம் அதிகம் சறுக்குவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். கூரை போனவர், தார்ப்பாய்க்கு வரிசையில் நிற்பவர், எந்தத் தாளிலும் கைநாட்டு வைப்பார். அதை ஒப்புதல் என்று கணக்கில் எழுதக் கூடாது. நிவாரணப் பட்டியலும் சர்வேயும் ஒரே ஃபார்மில் இருக்கவே கூடாது.

ஒருவர் தன் விவரத்தைத் தானே பொதுவெளியில் போட்டிருந்தால் அது இந்தச் சட்டத்துக்குள் வராது. இதைப் பிடித்துக்கொண்டு "ஃபேஸ்புக்கில் இருப்பதெல்லாம் எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்வார்கள். சட்டம் விட்டுவிட்ட இடமெல்லாம் நியாயமான இடம் ஆகிவிடாது. யூடியூப் கமென்ட் போட்டவர் ஊருக்கே சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர்வரை இருக்கலாம். அத்தனை பேர் இருந்தாலும் அது டீக்கடை பெஞ்சைப் போன்றதுதான், மேடை இல்லை.

படி 1: கட்டங்களை வெட்டுங்கள்

ஒப்புதல் செய்தி எழுதுவதற்கு முன்னால் சர்வேயின் கட்டங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் "இது இல்லாவிட்டால் எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது?" என்று எழுதிப் பாருங்கள். எழுத வராத கட்டத்தை அடித்துவிடுங்கள்.

தண்ணீர் சர்வேக்கு முதல் வரைவில் வழக்கமாக வருபவை: பெயர், தகப்பனார் பெயர், செல், ஆதார், ஊர், தெரு, நிலத்தின் சர்வே எண், நிலப் பரப்பு, சொந்தமா குத்தகையா, பயிர், வாய்க்கால் பெயர், தண்ணீர் வந்த தேதி, கூட்டுறவுக் கடன். பதின்மூன்று. தண்ணீர் எப்போது வந்தது என்று தெரிந்துகொள்ள இதில் உண்மையில் வேண்டியவை வாய்க்கால், பயிர், பரப்பு, தேதி. நான்கே. பரப்பைக்கூடத் துல்லியமாகக் கேட்க வேண்டாம். "3 மாவுக்குள், 3 முதல் 10 மா, 10 மா முதல் ஒரு வேலி, அதற்கு மேல்" என்று வகையாகக் கொடுங்கள். (மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஏக்கரில் கேட்டால் பெரியவர்கள் மனக்கணக்குப் போட்டுத் தப்பாகச் சொல்வார்கள். மாவில் கேட்டால் டக்கென்று வரும்.)

அடித்துப்போட்ட கட்டங்களில் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, "சொந்தமா குத்தகையா". குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் டெல்டாவில் வாய்வார்த்தைக் குத்தகை நிறைய. இன்னார் நிலத்தை இன்னார் உழுகிறார் என்பது உங்கள் எக்செல் தாளில் ஒரு வரி. அது நில உரிமையாளர் கைக்குப் போனால், அடுத்த போகத்துக்கு அந்த நிலம் உழுகிறவருக்கு இல்லாமல் போகலாம். கோயில் நிலம், மடத்து நிலம், உள்குத்தகை என்றால் சிக்கல் இன்னும் கூடும். உண்மையிலேயே குத்தகை பற்றித்தான் ஆய்வு என்றால் கேளுங்கள். ஆனால் குரூப்பில் வேண்டாம், நேரில் போய்க் கேளுங்கள்.

இரண்டு, தெரு. "சாதி கேட்கவில்லை, தெரு மட்டும்தான்" என்பார்கள். டெல்டாவில் எந்த ஊரில் எந்தத் தெரு யாருடையது என்று அந்த வட்டாரத்துக்கே தெரியும். தெருக் கட்டம் இருந்தால் சாதிக் கட்டம் இருப்பதாகவே அர்த்தம்.

ஆதார் எண்ணை எந்த சர்வேக்கும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அடையாளச் சான்று கட்டாயம் என்ற இடத்தில்கூட, முதல் எட்டு இலக்கம் மறைத்து கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

படி 2: அட்மினிடம் அனுமதி, ஆட்களிடம் ஒப்புதல்

குரூப்பில் செய்தி போட அட்மினிடம் கேட்க வேண்டும். அது வாசற்கதவு. அவர் "போடுங்க தம்பி" என்றால் குரூப்பில் உள்ள எல்லோருக்காகவும் அவர் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது. அட்மின் ஊரில் பெரிய மனிதராக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. அவர் கையால் லிங்க்கைப் போட்டால் அது கட்டளையாகத்தான் போய்ச் சேரும். "ஐயா சொல்லிட்டாங்க, நிரப்பிடுங்க" என்று ஒருவர் கீழே எழுதுவார். ஆகவே அட்மினின் அனுமதி பெற்று, செய்தியை உங்கள் எண்ணிலிருந்தே போடுங்கள்.

யாராவது ஒருவர் தன் போனிலிருந்து குரூப் உரையாடல் முழுவதையும் 'எக்ஸ்போர்ட் சாட்' செய்து தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். சம்மதித்தவர் ஒருவர், அதில் பேசியிருப்பவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். ஒரு செயலி வழியாக ஃபேஸ்புக் பயனர்களின் விவரம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்துக்குப் போன விவகாரம் 2018-இல் வெளியானபோது ஃபேஸ்புக் சொன்ன கணக்கை நினைவில் வையுங்கள்: இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர். அவர்களின் நண்பர்கள் வட்டம் வழியாக விவரம் போயிருக்கக் கூடியவர்கள் சுமார் 5.62 லட்சம் பேர். எக்ஸ்போர்ட்டைத் தடுக்க குரூப் அமைப்பிலேயே 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி' என்ற வசதி 2025-இல் வந்திருக்கிறது. அட்மின்களிடம் அதைப் போட்டுவைக்கச் சொல்லலாம். ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது.

படி 3: ஒப்புதல் செய்தியை எழுதுவது

ஒரு போன் திரையைத் தாண்டக் கூடாது. உரக்கப் படித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். யார், எதற்கு, என்ன கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம், பலன் உண்டா, மறுத்தால் என்ன, பிறகு விலக வழி, இத்தனையும் அதற்குள் இருக்க வேண்டும். இப்படி இருக்கலாம்:

"ஐயா, அம்மா, வணக்கம். நாங்கள் (கல்லூரிப் பெயர்) மூன்றாம் ஆண்டு மாணவர்கள். கடைமடை வாய்க்கால்களில் இந்த ஆண்டு தண்ணீர் என்றைக்கு வந்தது என்று கணக்கெடுக்கிறோம். வாய்க்கால், பயிர், எத்தனை மா, தண்ணீர் வந்த தேதி, இந்த நான்கு மட்டும்தான் கேட்போம். இவற்றோடு, நிரப்புவது யார் என்பதையும், நீங்கள் விலக நினைத்தால் உங்கள் பதிலைக் கண்டுபிடிக்கச் செல் நம்பரையும் மட்டும் குறித்துக்கொள்வோம். பெயர், ஆதார், சிட்டா வேண்டாம். நீங்கள் தரும் பதிலை நாங்கள் மூன்று பேரும் எங்கள் பேராசிரியரும் மட்டும் பார்ப்போம். அக்டோபர் 31-இல் அழித்துவிடுவோம். இதனால் நிவாரணமோ, காப்பீடோ, அரசு உதவியோ எதுவும் கிடைக்காது. பதில் சொல்லாவிட்டால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. சொன்ன பிறகு வேண்டாம் என்று தோன்றினால் செப்டம்பர் 30 வரை இந்த எண்ணுக்கு 'வேண்டாம்' என்று எழுதியோ பேசியோ அனுப்பினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சம்மதம் என்றால் கீழே உள்ள லிங்க்கைத் திறக்கலாம்."

"எதுவும் கிடைக்காது" என்ற வரியை எடுத்துவிடத் தோன்றும். அதை எடுத்தால் பதில்கள் கூடலாம், ஏனென்றால் பலர் பயிர்க் காப்பீட்டுக்கு என்று நினைத்து நிரப்புவார்கள். அந்த வரி இருக்கட்டும்.

எழுதிய செய்தியை ஊரில் மூன்று பேரிடம் படித்துக் காட்டுங்கள். ஒருவர் படிக்கத் தெரியாதவர், ஒருவர் பெண், ஒருவர் அறுபதைத் தாண்டியவர். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மூன்று பேரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "இதை உங்க வீட்ல எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். "யாரோ காலேஜ் புள்ளைங்க, தண்ணி வந்த தேதி கேக்குறாங்க, காசு ஒண்ணும் வராது" என்று வந்தால் செய்தி சரி. "ஏதோ மனு கொடுக்கச் சொல்றாங்க" என்று வந்தால் மறுபடி எழுதுங்கள்.

அதே செய்தியை வாய்ஸ் மெசேஜாகவும் போடுங்கள். தஞ்சை வட்டாரப் பேச்சில், நிதானமாக. படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் ஒப்புதல் படிவம். அவர் பதிலும் வாய்ஸிலேயே வரட்டும்.

படி 4: பதில் எந்த வழியாக வர வேண்டும்

குரூப்பிலேயே பதில் போடச் சொல்லாதீர்கள். ஒருவர் சொன்னதைப் பார்த்து மற்றவர் தேதியை மாற்றிச் சொல்வார், அது தனிக் கோளாறு. வாட்ஸ்அப் 'போல்' இன்னும் மோசம். வழக்கமாக யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சர்வேக்கென்று புதுக் குரூப் தொடங்கி ஆட்களைச் சேர்ப்பதும் கூடாது. சேர்த்த கணத்திலேயே ஒவ்வொருவர் எண்ணும் மற்றவர்களுக்குப் போய்விடும். பெண்கள் எண் போனால் அன்று ராத்திரியே "ஹாய்" வரும். 256 பேர்வரை பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பட்டியல்) போடலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போகும். வாட்ஸ்அப் 'கம்யூனிட்டி'யின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது.

கூகுள் ஃபார்ம் என்றால் இந்த அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்:

முதல் பக்கத்தில் ஒப்புதல் கேள்வி மட்டும் இருக்கட்டும், "சம்மதம்" "சம்மதம் இல்லை" என்று இரண்டு தெரிவுகளோடு. 'கோ டு செக்ஷன் பேஸ்டு ஆன் ஆன்சர்' என்பதைப் போட்டு, சம்மதம் இல்லை என்றவரை நேராக நன்றிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். அவர் மீதிக் கேள்விகளைப் பார்க்கவே வேண்டாம்.

'கலெக்ட் இமெயில் அட்ரஸஸ்' அணைந்திருக்கட்டும். 'லிமிட் டு 1 ரெஸ்பான்ஸ்' வேண்டாம். அது ஜிமெயிலில் உள்நுழையச் சொல்லும், அங்கேயே பாதிப் பேர் பயந்து வெளியேறிவிடுவார்கள். ஃபைல் அப்லோட் கேள்வியும் அதேபோல உள்நுழையக் கேட்கும்.

'வியூ ரிசல்ட்ஸ் சம்மரி' என்பது 'பிரசன்டேஷன்' பகுதியில் ஒளிந்திருக்கும். அது தப்பித் தவறி இயங்கிவிட்டால், நிரப்பி முடித்தவர் ஒரு சொடுக்கில் எல்லோருடைய பதிலையும் பார்க்கலாம். பெயரும் எண்ணும் கேட்ட ஃபார்ம்களில் விவரம் வெளியே போவதற்கு இது ஒரு சுலபமான ஓட்டை. லிங்க்கைப் பரப்பும் முன் வேறொரு போனில் நீங்களே ஒருமுறை நிரப்பி, கடைசித் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

பதில் சேரும் ஷீட்டின் பகிர்வு 'ரெஸ்ட்ரிக்டட்' என்றே இருக்கட்டும். "லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம்" என்று மாற்றி நண்பனுக்கு அனுப்பினால், அவன் அதை இன்னொருவனுக்கு அனுப்புவான்.

பதிலை யாரும் பெயரோடு தேட வேண்டாம். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு எண் கொடுங்கள்: கீ-01, கீ-02. ஒருவர் விலக வேண்டும் என்றால் எந்த வரியை அழிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக எண்ணுக்கும் போன் நம்பருக்குமான பட்டியல் ஒன்று இருக்கட்டும். அது ஷீட்டில் வேண்டாம். ஒரே ஒருவரிடம், நோட்டுப் புத்தகத்தில். பூட்டுப் போட்ட மேசையில் உள்ள நோட்டுக்கு ஹேக்கர் பயம் இல்லை.

படி 5: நிரப்புவது யார் என்று பாருங்கள்

டெல்டா கிராமத்தில் ஒரு போன் ஒரு ஆளுடையதாக இருக்க வேண்டியதில்லை. அப்பாவின் போனில் வந்த லிங்க்கைப் பத்தாவது படிக்கும் மகள் நிரப்புவாள். அம்மாவின் பெயரில் உள்ள எண் மகன் கையில் திருப்பூரில் இருக்கும். "சம்மதம்" என்று அழுத்திய விரல் யாருடையது?

சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் குழந்தைதான். பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் இல்லாமல் அவர்கள் விவரத்தைக் கையாளக் கூடாது, அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ, குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது. உங்கள் ஃபார்மில் "இதை நிரப்புவது யார்? நானே / வீட்டில் வேறொருவர் எனக்காக" என்று ஒரு கேள்வி வையுங்கள். "வேறொருவர்" என்று வந்தால் போன் செய்து நிலத்துக்காரரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்பீக்கரில் பேச வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

பெண்களிடம் கேட்கும்போது நேரம் முக்கியம். சாயங்காலம் ஏழு மணிக்கு அழைத்தால் போன் கணவர் கையில். நாற்று நடவு நாளில் பத்தரை மணிக்குக் கரையேறி உட்காரும்போது பேசினால் அவரே பேசுவார், பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள். மகளிர் குழுக் கடன், மைக்ரோ பைனான்ஸ் தவணை பற்றிய கேள்வி என்றால் இரண்டு நேரமுமே தப்பு.

படி 6: படத்துக்குத் தனி ஒப்புதல்

பதில் சொல்லச் சம்மதித்தவர் படத்துக்குச் சம்மதித்தவர் இல்லை. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். காய்ந்த வாய்க்கால் முன் நிற்கும் முகம் வேண்டாம், வெடித்த வண்டலே போதும் என்றால் முகத்தை எடுக்காதீர்கள்.

படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் அது நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா அமைப்பில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது. பின்னணியில் வீட்டு எண், பைக் நம்பர் பிளேட், கொள்முதல் நிலைய ரசீது இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சிட்டா படத்தை யாராவது தானாகவே அனுப்பினால், "இது வேண்டாம் ஐயா, அழிச்சுட்டேன்" என்று சொல்லி, உரையாடலிலும் கேலரியிலும் அழியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலான போன்களில் தானாகவே கேலரிக்குப் போய்விடுகிறது, அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் போகக்கூடும்.

படி 7: வெளியிடும்போது

பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் லடன்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000-இல் காட்டிய கணக்குப்படி, அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம், இந்த மூன்றும் சேர்ந்தால் அந்நாட்டு மக்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காண வாய்ப்புண்டு. நம் ஊர் அதைவிடச் சின்னது. "கடைமடையில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருக்கும், டீசல் இன்ஜின் வைத்துத் தாளடி போட்ட பெண் விவசாயி" என்று எழுதினால், அந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் எவரும் பெயரைச் சொல்வார்.

வெளியிடும் பட்டியலின் எந்தக் கட்டத்திலாவது ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் பக்கத்து வாய்க்காலோடு சேர்த்துக் காட்டுங்கள். ஃபேஸ்புக் கமென்ட்டை எழுத்து மாறாமல் மேற்கோள் காட்டாதீர்கள். அந்த வரியைத் தேடுபொறியில் போட்டால் ஆள் வந்துவிடுவார். கருத்தை மட்டும் உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் பெயர் மேல் கறுப்புக் கோடு இழுத்தால், அது முழுவதும் மறைக்கும் கட்டமாக இருக்கட்டும். ஹைலைட்டர் தூரிகையால் பூசியதைப் பிரகாசத்தைக் கூட்டினால் படித்துவிடலாம்.

படி 8: வெளியே போய்விட்டால்

முதலில் ஃபார்மை மூடுங்கள், ஷீட் பகிர்வை நிறுத்துங்கள். குரூப்பில் தவறி விழுந்ததை 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' செய்யச் சுமார் இரண்டரை நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் பார்வர்டு ஆனது திரும்பி வராது. சம்பந்தப்பட்டவர்களிடம் அன்றைக்கே சொல்லுங்கள்: என்ன போனது, யாரிடம் போயிருக்கலாம், அவர்கள் என்ன செய்ய வேண்டும். வங்கி விவரமோ ஆதாரோ போயிருந்தால் ஓடிபி கேட்டு வரும் அழைப்புகளை எடுக்க வேண்டாம் என்றும், ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டச் சொல்லியும் வழிகாட்டுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். புதிய விதிகள் அமலான பின், இப்படி நடந்ததைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவித்து, முழு விவரத்தை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

படி 9: அழிப்பது

அக்டோபர் 31 என்று சொன்னால் அன்றே. ஷீட், ஃபார்மில் உள்ள பதில்கள் (ஷீட்டை அழித்தாலும் ஃபார்முக்குள் அவை இருக்கும்), மூன்று பேர் போனிலும் உள்ள வாய்ஸ் மெசேஜ்கள், கேலரி, லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர், வாட்ஸ்அப் பேக்கப், நோட்டுப் புத்தகப் பக்கம். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் போட்டது 30 நாள் அங்கேயே கிடக்கும். அதையும் காலி செய்யுங்கள். முடிந்ததும் அதே குரூப்பில், "உங்கள் பதில்களை இன்று அழித்துவிட்டோம். எந்த வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர் வந்தது என்ற பட்டியல் இதோ" என்று போட்டு, முடிவையும் அவர்கள் கையில் கொடுங்கள்.